சங்ககிரித் துருக்கமும் தீரன் சின்னமலையும்

சேலம் மாநகரில் கோட்டை என்று வழங்கும் பகுதி ஒன்று உண்டு. அங்குக் கோட்டை மாரியம்மன் கோயில் உண்டு. கோட்டை அழகிரிநாதர் கோயில் உண்டு. கோட்டை மட்டும் இல்லை. மதில் மறைந்த பின்னும் பெயர் மறையாது நிற்கின்றது. நாமக்கல்லிலோ, ஊர் நடுவே எழுந்த ஒற்றைப் பெரும் பாறையின் முடிமீது மதில் இன்றும் நிற்கின்றது. பாறையின் அடியிற் குடைந்த கோயில்களில் நரசிங்கப் பெருமாளும் அரங்கநாதரும் விளங்குகின்றனர். இவ்விரண்டையும் கண்டவர் நம்மிற் பலர். ஆனால், சேலத்திலிருந்து ஈரோட்டிற்குச் செல்லும் இரயில் வண்டி சங்ககிரி துர்க்கம் என்னும் நிலையத்தைக் கடக்கும்போது, அருகே நிமிர்ந்து நிற்கும் மலையை ஏறிட்டு நோக்குவோர் சிலரே. இறங்கி ஏறிப் பார்ப்போர் அவரினும் சிலர். லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்ற அளவிலேயே சங்ககிரியைப் பலரும் அறிவர். அம்மலையோடு தன் பெயரையும் தன் முடிவையும் பிணைத்துக்கொண்ட தீரன் சின்னமலையின் வரலாற்றை இங்கு ஒருவாறு எடுத்துரைக்க முயல்கின்றேன்.

மனிதனைக் கூறுமுன் மலையைக் கூறல் வேண்டும். ஒரு புறத்திருந்து நோக்குவார்க்குச் சங்கின் வடிவாய்த் தோன்றுதலின் இம்மலை சங்ககிரி எனப்பட்டது என்பர். அடிவாரத்திற் தொடங்கும் மதில் ஒன்றோடு நிற்பதன்று. ஒரு வாயிலைக் கடந்து சிறிது ஏறினால் மற்றொரு வாயில். அதனைக் கடந்தால் பின்னும் ஒரு மதில். இவ்வாறு வாயிலுக்குமேல் வாயிலாக மலைமுடிவரை அரண் தொடர்கின்றது. கீழ்வாயிலைக் கைப்பற்றிய பகைவன் மேல்வாயிலில் நிற்போருடைய கல்லுக்கும் குண்டுக்கும் தலை கொடுத்தே ஏறவேண்டும். இடையே தானியக் களஞ்சியமும், வெடிமருந்துக் கூடமும், பாறையில் ஊறித் தேங்கும் நீர்நிலைகளும் உள. தஸ்தகீர் பெயரால் அமைந்த தர்கா ஒன்றும், முடிமீது சென்னகேசவப் பெருமாள் கோயிலும் உள. ஆண்டவர் மாறிமாறி வந்தமைக்கு இவையே சான்று. உச்சியில் நின்று நோக்கினால் தெற்கே திருச்செங்கோட்டு மலையும், மேற்கே காவிரிபாயும் சமவெளியும், வடகிழக்கே சேர்வராயன் மலைத்தொடரும் தோன்றும். நெல்லும் சோளமும் விளையும் நாட்டைக் கண்ணோட்டத்திற்குள் வைத்துக் காக்க இதனினும் ஏற்ற இடம் இல்லை.

கோட்டை என்றவுடன் நாம் போரையே நினைக்கின்றோம். உண்மையில் போர் நிகழ்ந்த நாட்கள் சில. வரி வந்து சேர்ந்த நாட்கள் பல. ஊர்தோறும் தண்டிய பணமும் தானியமும் பொதிமாட்டின்மேல் ஏறி வந்து, மதிலுக்குள் புகுந்து, கணக்கர் கைக்கு மாறி, தலைநகருக்குப் போகும். படையும் பீரங்கியும் அப்பொதியைக் காப்பதற்கே இருந்தன எனினும் மிகையாகாது. இதனை உளங்கொண்டால்தான் சின்னமலையின் வரலாறு நன்கு விளங்கும்.

சேலத்துச் சமவெளியை மதுரை நாயக்கர்க்கு உட்பட்டுத் தாரமங்கலத்துக் கட்டி முதலிமார் ஆண்டனர். 17ஆம் நூற்றாண்டில் மைசூர் மன்னர் படை மலையிறங்கி வந்து, அந்நூற்றாண்டு முடிவதற்குள் கொங்கு நாட்டைத் தன் ஆட்சிக்குள் கொணர்ந்தது. 1761இல் மைசூரின் அதிகாரம் ஹைதர் அலியின் கைக்கு வந்தது. 1768இல் ஆங்கிலக் கும்பினியின் படை சேலம், நாமக்கல், ஈரோடு முதலிய ஊர்க் கோட்டைகளைப் பிடித்தது. ஹைதர் விரைந்து வந்து அவற்றை மீட்டுக்கொண்டார். ஒரு குடியானவன் தன் வாழ்நாளில் எத்தனை கொடிகளுக்கு வணக்கம் செலுத்தினான் என்பதற்கு இவ்வாண்டுகளே அளவு. கொடிகள் மாறின; பொதிமாடுகள் செல்லும் பாதை மட்டும் மாறவில்லை.

இக்காலத்தில், 1756ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள், காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் இரத்தினசாமிக்கும் பெரியாத்தாளுக்கும் பிறந்த மைந்தனே தீர்த்தகிரி. கொங்கு வேளாளரிற் பட்டம் பெற்ற பழங்குடி ஒன்றில் தோன்றியவர். உடன்பிறந்தார் பலருடன் வளர்ந்த இவர், சிலம்பமும் வாட்போரும் குதிரையேற்றமும் இளமையிலேயே கற்றுத் தேர்ந்தார். காங்கேயம் காளைகளுக்குப் பெயர்பெற்ற நிலம். மழை குறைந்த மேட்டு நிலத்தில் முள்வேலியிட்டுக் கால்நடை வளர்த்துக் கம்பும் சோளமும் விதைத்து வாழ்ந்த குடிகளுக்கு ஒரு பருவம் பொய்த்தாலும் வரி பெருஞ்சுமை. அச்சுமையை அருகிருந்து கண்டவர் தீர்த்தகிரி.

அவர்தம் புகழ்ப்பெயர் தோன்றிய கதையைக் கொங்கு நாட்டார் இன்றும் சொல்லி மகிழ்வர். கொங்குக் குடிகளிடம் தண்டிய வரிப்பணம் சங்ககிரி வழியாக மைசூருக்குப் போய்க்கொண்டிருந்தது. தம்பியரோடு வேட்டைக்குச் சென்ற தீர்த்தகிரி, தண்டற்காரரை வழியில் மறித்து, அப்பணத்தைப் பறித்து, வறியவர்க்குப் பகிர்ந்தளித்தார். பணத்தை இழந்து நடுங்கி நின்ற தண்டற்காரர், மேலதிகாரிக்கு என்ன விடை சொல்வது என்று வினவினர். சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே நிற்கும் ஒரு சின்னமலை பறித்துக்கொண்டது என்று சொல்லுமாறு கூறி அவர்களை அனுப்பினார். சென்னிமலையும் சிவன்மலையும் முருகன் வீற்றிருக்கும் குன்றங்கள். அந்நாட்டார் நாள்தோறும் கண்டு தொழுபவை. அவ்விரண்டுக்கும் நடுவே தம்மை ஒரு சிறு குன்றாகச் சொல்லிக்கொண்டதில் பணிவும் உண்டு, பெருமிதமும் உண்டு. அன்றுமுதல் தீர்த்தகிரி என்னும் பெயர் பின்தங்கச் சின்னமலை என்னும் பெயரே நிலைத்தது. சங்ககிரிக்குச் சொல்லியனுப்பிய விடையே ஒருவர்க்குப் பெயராய் அமைந்தது இங்குக் கருதத்தக்கது.

இதற்கிடையே நாட்டின் நிலை மாறியது. ஹைதருக்குப்பின் அரியணை ஏறிய திப்பு சுல்தான், கும்பினியோடு செய்த போரில் தோல்வியுற்று, 1792 மார்ச்சு மாதம் சீரங்கப்பட்டண உடன்படிக்கைக்கு இணங்கினார். நாட்டிற் பாதியையும் 3 கோடியே 30 இலட்சம் ரூபாயையும் இழந்தார். தம் மைந்தர் இருவரைப் பிணையாகவும் அனுப்பினார். பாராமகாலும், சேலமும், நாமக்கல்லும், சங்ககிரியும் கும்பினிக்குச் சேர்ந்தன. காவிரிக்கு மேற்கே கோயமுத்தூரும் காங்கேயமும் திப்புவினிடமே இருந்தன. ஆகவே 1792 முதல் 1799 வரை ஏழாண்டுகள் காவிரியாறே எல்லையாயிற்று. சின்னமலையின் ஊர் ஒரு கரையில். சங்ககிரி மறு கரையில், கும்பினியின் காவலில்.

கும்பினியார் வரி தண்டிய முறையும் புதிது. புதிதாய்க் கிடைத்த நாட்டை ஆள அலெக்சாந்தர் ரீடு என்னும் படைத்தலைவர் நியமிக்கப்பட்டார். தாமஸ் மன்றோ உள்ளிட்ட இளந்தலைவர் மூவர் அவர்க்குத் துணையாயினர். நால்வரும் வாளேந்தி வந்தவர். இங்கே அளவுச் சங்கிலியை ஏந்தினர். வயல்தோறும் அளந்து, உழுபவன் பெயரைக் குறித்து, இன்ன நிலத்துக்கு இவ்வளவு பணம் என்று ஏட்டில் ஏற்றினர். பின்னாளில் இரயத்துவாரி என்று சென்னை மாகாணம் எங்கும் பரவிய முறைக்கு வித்து இந்தச் சமவெளியில்தான் விழுந்தது. இடையில் நின்று சுரண்டுவோரை நீக்குதல் இதன் நோக்கம் என்பதும், மன்றோ பிற்காலத்தில் வரியைக் குறைக்க வேண்டுமென்று வற்புறுத்தினார் என்பதும் உண்மையே. 1820இல் சென்னைக் கவர்னராகி, 1827இல் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் அவர் மாண்டபோது வருந்தியவர் நம்மவரிலும் பலர். ஆயினும் அளந்தவன் அயலான். வரியை விதித்தவனும் அவனே. தர இயலாதவன் முறையிடவேண்டிய இடமும் அவனிடமே. படையும் கணக்கும் நீதியும் ஒரே கையில் சேர்ந்தன. மேலும், கும்பினி எங்குச் சென்றதோ அங்கெல்லாம் நாட்டுத் தலைவர் கையிலிருந்த ஆயுதம் பறிக்கப்பட்டது. அவர் கோட்டை இடிக்கப்பட்டது. காவிரியின் மேல்கரையில் நின்றவர்க்குக் கீழ்கரையில் நடப்பது தெரியாமற் போகாது.

இங்கு ஒரு வினா எழும். மைசூரின் வரிப்பணத்தைப் பறித்துப் பெயர்பெற்ற ஒருவர், பின்பு அந்த மைசூர் மன்னரோடே சேர்ந்து போர் புரிந்தது எவ்வாறு? முரண்பாடு எனச் சிலர் கருதலாம். ஆராய்ந்து பார்த்தால் அது முரண்பாடன்று. முன்பு அவர் எதிர்த்தது குடிகள் உண்ணுமுன் அவர் விளைவைக் கொண்டுசென்ற ஆட்சியை. பின்பு அவர் எதிர்த்ததும் அதுவே. ஆனால் இம்முறை கடலுக்கு அப்பால் இருந்த வணிகர் கூட்டம் ஒன்று அதனைச் செய்தது. திப்புவோடு வழக்காடலாம், போரிடலாம், உடன்படலாம். கும்பினியோடு உடன்படுவார்க்கு ஆயுதமும் இல்லை, அரணும் இல்லை. இவ்வேறுபாட்டை உணர்ந்தே சின்னமலை கொங்கு இளைஞரைத் திரட்டிக்கொண்டு திப்புவின் பக்கம் நின்றார் என்று கொள்ளலே பொருத்தம். 1799 மார்ச்சில் நிகழ்ந்த மழவல்லிப் போரில் கொங்குப் படையினரும் பங்கு கொண்டனர் என்பர். அவ்வாண்டு மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு தம் கோட்டை வாயிலருகே போரிட்டு மடிந்தார். காங்கேயமும் கோயமுத்தூரும் கும்பினியின் கைக்கு வந்தன. காவிரி எல்லையாய் இருந்த காலம் முடிந்தது.

தோற்ற படையிலிருந்து ஊர் திரும்பிய சின்னமலைக்கு அப்போது அகவை 43. அடங்கி வரி செலுத்தி வாழ்ந்திருக்கலாம். அவ்வாறு வாழ்ந்தவர் பலர். அவரோ அரச்சலூரை அடுத்த ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு படை சேர்த்தார். தனியொருவராக அவர் நிற்கவில்லை. திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியின் கோபால நாயக்கர், சிவகங்கையின் மருது சகோதரர், மலையாளத்துப் பழசி அரசர், வடக்கே மராட்டிய வீரர் தூந்தாஜி வாக் ஆகியோர் ஒருவரோடொருவர் தூதுவிட்டுக் கொண்டிருந்த காலம் அது. மொழியும் சமயமும் வேறான தலைவர் பலர் ஒரே பகைவனை நோக்கி ஒன்று கூடினர். 1800 ஜூன் மாதத்தில் கோயமுத்தூர்க் கோட்டையைத் தாக்க எடுத்த முயற்சி அக்கூட்டுறவின் பயனே. அது முற்றாமலே வெளிப்பட்டது. பிடிபட்டோர் பலர் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த செப்டம்பரில் தூந்தாஜி போர்க்களத்தில் வீழ்ந்தார். 1801இல் கோபால நாயக்கர் தூக்கிலிடப்பட்டார். அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவர்க்கு ஈராண்டின் முன்னரே, 1799 அக்டோபர் 16ஆம் நாள், பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் கயத்தாற்றில் உயிர் துறந்திருந்தார். 1801 டிசம்பரில் தென்னாட்டுக் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கும்பினி ஆணை பிறப்பித்தது.

துணைவர் ஒவ்வொருவராய் மறைந்த பின்னும் சின்னமலை நான்காண்டு நின்றார் என்பதே அவர் வாழ்க்கையில் நாம் பெரிதும் எண்ணத்தக்கது. 1801இல் காவிரிக் கரையிலும், 1802இல் ஓடாநிலையிலும், 1804இல் அரச்சலூரிலும் கும்பினிப் படையை அவர் எதிர்த்து வென்றதாகக் கொங்கு வரலாறு எழுதியோர் கூறுவர். கருப்ப சேர்வை என்பார் அவர்தம் படைத்தலைவர். தோல் தைக்கும் தொழிலோர் குலத்திற் பிறந்த பொல்லான் என்பார், பகைவர் செய்தியைக் காலணிக்குள் மறைத்து அனுப்பி, அது வெளிப்பட்டமையால் உயிரிழந்தார் என்பதும் வழிவழி வரும் செய்தி. ஊரார் தீண்டாமையால் ஒதுக்கி வைத்த ஒருவரும் ஊர்த்தலைவரும் ஒரே நோக்கிற்காக உயிர் கொடுத்தனர் என்று மக்கள் நினைவிற் கொண்டிருத்தல், போர்வெற்றிகளைக் காட்டிலும் நமக்குப் பயன்படுவது.

பின்னர்ப் பெரும்படையும் பீரங்கிகளும் ஓடாநிலைக்கு வந்தன. மண்ணும் கல்லுமாய் எழுப்பிய சிறு கோட்டை பீரங்கிக்கு முன் எத்தனை நாள் நிற்கும்? செய்தி முன்பே எட்டியமையால் சின்னமலையும் உடன்பிறந்தாரும் இரவோடிரவாக வெளியேறினர். வெறுங்கோட்டையைக் கும்பினியார் தகர்த்தனர். ஒட்டன்சத்திரத்தை அடுத்த கருமலைப் பகுதியில் அவர்கள் கரந்துறைந்தனர். அங்கே அவர்களுக்கு உணவு சமைத்து வந்தவன் பரிசுக்கு ஆசைப்பட்டுக் காட்டிக்கொடுத்தான் என்பர். உண்ட வீட்டிற்கு இரண்டகம் செய்தல் நம்மவர் மன்னியாத குற்றங்களுள் ஒன்று. ஆதலின் அவன் பெயரை இகழ்ச்சியோடு சொல்லும் வழக்கம் அந்நாட்டில் உண்டு. பொருதுபோய்ப் பிடிக்க முடியாதவரைப் பொருளால் பிடித்தனர்.

பிடிபட்டவர்களைச் சங்ககிரிக்குக் கொண்டு சென்றனர். ஓடாநிலையில் வைத்துத் தண்டித்தால் ஊரார் கிளர்ந்தெழுவர் என்று அஞ்சியிருப்பர். வாயிலுக்குமேல் வாயிலாக அமைந்த மலைக்கோட்டையே தக்கது என்று கருதியிருப்பர். அங்கே பெயரளவில் விசாரணை நடந்தது. 1805 ஜூலை 31ஆம் நாள் சின்னமலையும் தம்பியரும் கருப்ப சேர்வையும் தூக்கிலிடப்பட்டனர். அவர்க்கு அகவை 49. எந்தக் கோட்டைக்குப் போகும் வரியை வழிமறித்து அவர் பெயர்பெற்றாரோ, அந்தக் கோட்டையின் வாயில்களையெல்லாம் கடந்து ஏறிச் சென்று உயிர்விட்டார். நான்கு திங்கள் கழித்து, நவம்பர் 30ஆம் நாள், பழசி அரசரும் மாண்டார். மறு ஆண்டு ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்களே கிளர்ந்தெழுந்தனர்.

அவர் மறைந்த நாள் ஆடிப் பதினெட்டு என்று மக்கள் கொள்வர். இன்று அப்பெருக்குநாள் ஆகஸ்டு 2 அல்லது 3இல் வருகின்றதே, ஜூலை 31 எவ்வாறு பொருந்தும் என்று ஐயுறுவார் உளர். விண்மீனைக் கொண்டு கணிக்கும் நம் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டினும் சிறிது நீண்டது. இருநூறு ஆண்டுகளில் இரண்டுக்கும் ஏறக்குறைய மூன்று நாள் வேறுபாடு உண்டாகும். ஆகவே 1805இல் ஆடிப் பதினெட்டு ஜூலை இறுதியை ஒட்டியே வந்திருக்கும். இரு வழக்கும் தம்முள் மாறுபடுவன அல்ல. காவிரிக்கரை எங்கும் பெண்டிர் புதுப்புனலுக்குப் படையலிடும் அந்நாளிலேயே, சங்ககிரியிலும் ஓடாநிலையிலும் மக்கள் கூடி அவர்க்கு மலர் தூவுகின்றனர். 2005 ஜூலை 31ஆம் நாள், இருநூறாம் ஆண்டு நிறைவில், இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

சின்னமலையின் வரலாற்றில் ஏட்டுச் சான்றினும் வாய்மொழியே மிகுதி எனச் சிலர் குறைகூறுவர். அது குறையன்று; அதற்குக் காரணம் உண்டு. வயல்களின் அளவையும் வரியின் தொகையையும் குன்றிமணி குறையாமல் எழுதிவைத்த கும்பினிக் கணக்கர்க்கு, தூக்குமரத்தில் ஏறியவர் வாழ்க்கையை விரித்தெழுத வேண்டிய தேவை இல்லை. அதனைக் காக்கும் பொறுப்பு கதை சொல்லும் பாட்டியரிடமும் கும்மியடிக்கும் பெண்டிரிடமும் வந்து சேர்ந்தது. அவர்கள் சொல்லும்போது சில கூடியிருக்கலாம், சில குறைந்திருக்கலாம். ஆனால் குடிகளின் விளைவு குடிகளுக்கே முதலில் உரியது என்னும் கருத்து மட்டும் எந்தக் கதையிலும் தவறவில்லை. தமக்கு எது முதன்மையாய்த் தோன்றியதோ அதனைப் பிழையாது காத்தனர். வரலாறு கற்கும் நாம் அதனை மதித்தே மேலாராய்ச்சி செய்தல் வேண்டும். அவர் தம் குடியின் உரிமைக்கும் பட்டத்திற்குமே போரிட்டார் என்பாரும் உளர். தலைமைக் குடியிற் பிறந்தவர்க்கு அவ்வெண்ணம் சிறிதும் இல்லாதிருக்குமா? இருந்திருக்கும். ஆயினும் பட்டத்தைக் காக்க எளிய வழி பணிந்து போதல். அவ்வழியை அவர் கொள்ளவில்லை. அதனை அளவுகோலாக வைத்தே அவரை மதிப்பிடுதல் முறை.

அன்பர்களே, விடுமுறை நாளொன்றில் சங்ககிரிக்குச் சென்று வாருங்கள். வெயில் ஏறுமுன் ஏறத் தொடங்குதல் நலம். பாறை சூடேறினால் கால் பொறாது. குடிநீர் உடன் கொண்டு போதல் இன்றியமையாதது. மதிற்கல்லில் தம் பெயரைக் கிறுக்கி வைக்கும் இழிவழக்கத்தை நம் மாணவர் கைக்கொள்ளாதிருப்பாராக. வாயில்களைக் கண்டு வியந்து நின்றுவிடாமல், இடையே உள்ள களஞ்சியத்தருகே சிறிது நேரம் அமருங்கள். அதனுள் நிறைந்த தானியம் யாருடையது, அதனைச் சுமந்து வந்தவர் யார், தர மாட்டோம் என்றவர் யார் என்று ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். அவ்வினாக்களுக்கு விடை தேடுங்கால் சின்னமலையின் பெயர் தானே நாவில் வரும்.